மூச்சிரைப்பு

நான்காவது படியில் மூச்சிரைப்புக் கேட்டது.

மாடி அறையில் தலை சீவிக்கொண்டிருந்த அழகுமீனா சீப்பைக் கூந்தலிலேயே விட்டுவிட்டு அசையாமல் நின்றாள். சத்தம் புதிதல்ல. ஈரச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோன்ற அந்த மூச்சு அவள் கணவர் மணிகண்டராஜுடையது. ஆறு வருடமாக அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் அது இழுபட்டுக்கொண்டே இருந்தது. ஹாலில் உட்கார்ந்தால் ஹாலில் கேட்கும், சாமி அறைக்கு நகர்ந்தால் கூடவே நகரும், சுவரை ஒட்டியிருக்கும் சொந்தப் பிரஸுக்கு அவர் கிளம்பினால் வாசலோடு தேய்ந்து அடங்கும். பார்க்காமலே அவர் எங்கே இருக்கிறார் என்று அவளால் சொல்லிவிட முடியும். ஆனால் இந்த ஆறு வருடத்தில் மாடிப்படியில் அது கேட்டதில்லை. நூற்று நாற்பத்தெட்டுக் கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு படியேற அவர் மூட்டு இடம்கொடுக்கவில்லை. மாடி அவளுடையதாகி ஆறு வருடம் ஆகிறது.

"என்னங்க, எதுவும் வேணுமா?" மேலிருந்தபடியே கேட்டாள்.

கீழே இரைப்பு மட்டும். பிறகு நிதானமான குரல். "ஒண்ணுமில்ல. சும்மா ஏறிப் பார்த்தேன்."

காபி கொடுக்கும்போது அவரே சொன்னார். "எடை குறைக்க மதுரையில ஆபரேஷன் பண்றாகளாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காக. வீட்டு ஆளு கூட வரணுமாம். நீ வா."

டாக்டரம்மா அன்பானவர். வெள்ளைத் தாளில் இரைப்பையை வரைந்து குறுக்கே ஒரு கோடு இழுத்து, இவ்வளவையும் எடுத்துவிடுவோம், மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுதான் என்றார். உடனே செய்ய முடியாது. சர்க்கரை கூடுதல், ஈரலில் கொழுப்பு, மயக்க மருந்தைத் தாங்குகிற அளவுக்கு மூச்சு இல்லை. நான்கு மாதம் உணவுக் கட்டுப்பாடு, நடை, மூச்சுப் பயிற்சி.

"வீட்ல மாடி இருக்கா சார்?"

"பதினேழு படி" என்றார் மணிகண்டராஜ்.

அவர் எண்ணி வைத்திருக்கிறார் என்பது அழகுமீனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நல்லது. வாரத்துக்கு ஒரு படி கூட்டுங்க. அவசரமே வேண்டாம். இரைக்காம மேல போய் நிக்கிற அன்னிக்கு நான் தேதி குறிச்சுடறேன்." டாக்டர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நீங்கதான் மேடம் உற்சாகப்படுத்தணும்."

மணிகண்டராஜின் உள்ளங்கை அவள் பின்கழுத்தில் வந்து அமர்ந்தது. ஈரமாக, கனமாக. கட்டைவிரல் காதுக்குக் கீழே இருந்த எலும்பைத் தேடிப் பிடித்தது. "இவ பார்த்துக்குவா டாக்டர்."

அடுத்த அறையில் உணவு ஆலோசகர். சுகிர்தா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த சின்னப் பெண். ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். காலையில் நெய் ஊற்றிய பொங்கல், கூடவே நான்கு வடை. பதினோரு மணிக்குக் காராச்சேவு. மதியம் கறிக்குழம்பும் சுக்காவும், பிறகு தயிரில் பிசைந்த சோறு. சாயந்திரம் பால்கோவா. ராத்திரி எண்ணெயில் பொரித்த புரோட்டா, ஆறு.

"யார் சார் சமையல்?"

"இவதான்."

"கைமணம் போல. போதும்னு மேடம் ஒருநாள்கூடச் சொன்னதில்லையா?" சுகிர்தா சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அழகுமீனா மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது சுண்டுவிரல் மடங்காமல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. சுகிர்தாவும் அதைக் கவனித்தாள். "விரல்ல என்னாச்சு மேடம்?"

"பீரோ கதவுல மாட்டிக்கிட்டா" என்றார் மணிகண்டராஜ்.

கார் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஏ.சி.யின் குளிரில் அவர் வியர்வை மணம் மட்டும் கெட்டியாகிக்கொண்டே வந்தது. விருதுநகரைத் தாண்டி ஆமத்தூர் வந்தபோது, கண்ணாடிக்கு வெளியே ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் பட்டாசுக் கம்பெனி வேன்களைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"ஒரு நாளாவது போதும்னு சொல்லியிருக்கியா மீனா?"

வண்டி ஓட்டிய முத்துப்பாண்டி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "அக்கா கை அப்படி அண்ணாச்சி. எனக்கே போதும்னு சொல்ல மாட்டாக."

"ஆமாமா" என்றார் மணிகண்டராஜ். "நான்தான் இம்புட்டு நாளா யோசிக்கல."

பத்து வருடத்துக்கு முன்னால் அவர் எண்பத்திரண்டு கிலோ. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பிரஸில் ஆட்களிடம்கூட அப்படித்தான். அன்றைக்கும் பீரோ கதவை அவர் மெல்லத்தான் சாத்தினார். இடுக்கில் அவள் விரல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே, டைரி ஆர்டர் ஒன்று தாமதமானதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, கடைசிவரை சாத்தினார். விரல் ஆறுவதற்குள் அழகுமீனா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்ட அன்று அவர் தூங்கிவிடுகிறார். அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவள் கரண்டியைக் கீழே வைக்கவேயில்லை. ஒரு வருடத்தில் அவர் நூறு கிலோ ஆனார். நான்காவது வருடம் அவர் ஐந்து படி ஏறி, கைப்பிடியைப் பிடித்து நின்று, இறங்கிப் போனார். புருஷனை எப்படித் தாங்குகிறாள் பார் என்று சொந்தபந்தமெல்லாம் அவளைப் பாராட்டியது. அவர் பாதிப் படியில் இறங்கிப் போன அன்றைய இரவுதான் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

இப்போது வேகவைத்த காய், வெண்ணெய் எடுத்த மோர், அளந்து வைத்த கோழி. தராசை அவரே வாங்கினார். சமையல் மேடையருகே நின்று அவரே நிறுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூச்சுப் பயிற்சிக் குழாயில் மூன்று நீலப் பந்துகள் இருந்தன. வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே ஏறும். முதல் வாரம் ஒரு பந்து டக்கென்று ஏறி உடனே விழுந்தது. ஐந்தாவது வாரம் இரண்டு. டக், டக். காலையும் மாலையும் ஹாலிலிருந்து அந்தச் சத்தம் மாடிக்கு வந்தது.

மகள் ஹர்ஷினி கோயம்புத்தூர்க் கல்லூரி விடுதியிலிருந்து பேசினாள். "அம்மா, அப்பா போட்டோ அனுப்பினாக. என்னமா இளைச்சுட்டாக. நீ சந்தோஷமா இருக்கேல்ல?"

"இருக்கேன்டி" என்றாள் அழகுமீனா.

படிகள் கூடின. ஏழு. எட்டு. ஒன்பது. தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு வருவார். இரைப்பு ஏறி வரும், நிற்கும், இறங்கும். பன்னிரண்டாவது படியில் முதல்முறையாக அவர் தெரிந்தார். அவள் அறை வாசலுக்கு நேர் எதிரே படிக்கட்டு முடியும் இடத்தில், தரை விளிம்புக்கு மேலே, எண்ணெய் தேய்த்து வாரிய உச்சித்தலை. அவ்வளவுதான். சற்று நேரம் அது அங்கேயே இருந்தது. பிறகு அமிழ்ந்தது. அடுத்த வாரம் நெற்றியும் திருநீறும்.

அன்றைக்கு அவள் காய்கறிச் சூப்பை வடிகட்டியபின் இரண்டு கரண்டி நெய்யை உருக்கி ஊற்றிக் கலக்கினாள்.

மணிகண்டராஜ் கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். மேலே மஞ்சள் வட்டங்கள் மிதந்தன. கிண்ணத்தை மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"நீ குடி."

"எனக்கு வேண்டாங்க."

"குடி மீனா."

குடித்தாள். அவர் சட்டியைத் திறந்து மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தாள். சட்டி காலியாகும்வரை ஊற்றினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடியபோது பின்னால் அவர் குரல் கேட்டது, கனிவாக. "போதுமா?"

மறுநாள் ஆமத்தூரில் இருக்கும் தம்பி செழியனிடம் போனாள். காலண்டர்களின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் சின்னப் பட்டறை அவனுடையது. வரும் லோடு அத்தனையும் மணிகண்டராஜின் பிரஸிலிருந்துதான். கொஞ்ச நாள் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள். ஏன் என்று கேட்டான். சொன்னாள். விரலைக் காட்டினாள். செழியன் அதைப் பார்க்காமல் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அது எப்பவோ நடந்தது. அத்தான் இப்ப மாறிட்டாக. உடம்பைச் சரிபண்ணணும்னு இம்புட்டுக் கஷ்டப்படுறாக, இந்த நேரத்துல நீ இங்கன வந்து உக்காந்தா ஊரு என்ன பேசும்? சீசன் வேற."

சாயந்திரம் அவனே வண்டியில் கொண்டுவந்து விட்டான். மணிகண்டராஜ் வாசலில் நின்று மச்சினனின் தோளைத் தட்டினார். ஆறு மணிக்கு வழக்கம்போலப் படியேறினார்.

பதினான்காவது படி. கண்கள் தெரிந்தன.

தரை விளிம்புக்கு மேலே இரண்டு கண்கள் அறைக்குள் பார்த்தன. கட்டிலை, ஜன்னலை, கொடியில் கிடந்த சேலையை, கடைசியாக அவளை. கண்கள் இறங்கிப் போன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. இரைப்புக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அவரைக் காணோம். இருந்தார், கேட்கவில்லை. கதவைத் திறந்தால் பின்னால் நிற்பார். அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினால் அடுப்படி வாசலில் நிற்பார். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. சுவரை ஒட்டிய அவர் பிரஸில் ஆப்செட் மெஷின்கள் காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடும், சுவர் முழுக்க அதிரும், மையும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி ஜன்னல் வழியே வந்து சோற்றில்கூட இறங்கும். அந்த அதிர்வுக்குள் காதைத் தீட்டித் தீட்டி அவளுக்குத் தலைக்குள் ஒரு ரீங்காரம் நிரந்தரமாகிப்போனது. தூரத்தில் எங்காவது கம்பெனியில் பட்டாசு வெடித்துப் பார்ப்பார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். இந்த ஊரில் எந்தச் சத்தத்துக்கும் யாரும் திரும்புவதில்லை.

மதுரையில் டாக்டரம்மா கைகொடுத்தார். நூற்று இருபத்தோரு கிலோ. சர்க்கரை கட்டுக்குள். "மாடி ஏறிட்டீங்களா சார்?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி டாக்டர். இந்த வாரம் முடிச்சிருவேன்."

"அப்போ அடுத்த மாசம் வச்சுக்கலாம். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷத்துல பாருங்க மேடம், கல்யாணம் பண்ணும்போது இருந்த மாதிரி ஆயிடுவார்."

அழகுமீனா தலையாட்டினாள்.

சனிக்கிழமை மதியம் அவள் மொட்டைமாடியில் துவைத்த துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு மெஷின்கள் நின்றன. ஆட்கள் சாப்பிடும் நேரம். சட்டென்று ஊரே அமுங்கியதுபோலிருந்தது. வெயில் வெள்ளையாக, அசையாமல் நின்றது. ஈரச் சேலையிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டில் பட்டதும் காய்ந்தது. அவள் படிக்கட்டுத் தலைமாட்டில் வந்து நின்று கீழே காது கொடுத்தாள். ஹாலில் எதுவுமில்லை. சாமி அறையில் எதுவுமில்லை. நாற்காலி முனகவில்லை. பந்துச் சத்தம் இல்லை.

வெளியே போயிருக்கிறார்.

பல நாளுக்குப் பிறகு நெஞ்சு இளகியது. காலி வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறைக்குள் போனாள்.

காலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தாள். மரத்தூள். புதிதாக, மஞ்சளாக, கதவடியில் சின்னக் குவியல்.

நிமிர்ந்தாள்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. இப்போது இருந்தது. பித்தளை. கைத்தடம்கூடப் படாத பளபளப்பு. கதவின் உள்பக்கத்து விளிம்பில் அதன் முனை தெரிந்தது.

கதவு தானே மெல்லச் சாத்திக்கொண்டது. மணிகண்டராஜ் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தார். அந்த இடுக்கில் நிற்கும் அளவுக்கு அவர் இளைத்திருந்தார். கையில் திருப்புளி. சட்டை தோளிலிருந்து தொங்கியது.

"தாப்பா இல்லாம எப்படி இம்புட்டு நாள் இருந்த?" என்றார். "பயமா இருந்திருக்கும்ல."

தாழ்ப்பாளைப் போட்டார். எண்ணெய் விட்டிருந்ததால் சத்தமில்லாமல் போனது.

அவள் அவர் நெஞ்சையே பார்த்தாள். பதினேழு படி ஏறிய நெஞ்சு. மேலும் கீழும் அசையவில்லை. மூச்சே விடாதவர்போல நின்றார்.

"என்னங்க" என்றாள்.

"இரு" என்றார். விரலை உதட்டில் வைத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபத்தெட்டு. திருப்புளியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கட்டிலில் அவள் பக்கமாக உட்கார்ந்தார். கட்டில் கிரீச்சிடக்கூட இல்லை.

காத்திருந்தார். அவளும் நின்றாள். வியர்வை முதுகில் ஒரு கோடாக இறங்கியது. கீழே தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம். யாரோ சிரித்தார்கள். கூப்பிடு என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வாய் திறந்தது.

ஜன்னல் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது.

முதலில் ஒரு மெஷின். பிறகு இரண்டாவது. மூன்றாவது. தரை அதிர்ந்தது. சுவர் அதிர்ந்தது. அவள் கத்தினாள். தான் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

மணிகண்டராஜ் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். பக்கத்தில் மெத்தையை உள்ளங்கையால் தட்டினார். மெதுவாக, பிரியமாக, குழந்தையைக் கூப்பிடுவதுபோல. தட்டிக்கொண்டே இருந்தார். சத்தமே இல்லை.