கணப்பின் எதிர் இருக்கை

அன்னூரைத் தாண்டி மண்பாதையில் கார் நின்றபோது மத்தியானம்தான். ஆனாலும் அந்தப் பழைய விடுதியைச் சுற்றி மட்டும் பொழுது சாய்ந்தாற்போல இருந்தது. வெள்ளைக்காரப் பருத்தி வியாபாரி ஒருவன் தன் ஊர் நினைப்பில் கட்டியது. செங்குத்தான நாணல் கூரை ஒரு கை நீளத்துக்குத் தடித்து, ஜன்னல்களின் மேல் புருவம்போல இறங்கியிருந்தது. அதைப் புதுப்பித்து ஓட்டலாக்கும் வேலை லோகப்பிரியாவுக்கும் அவள் கணவன் கிருபாசங்கருக்கும் வந்திருந்தது. இருவரும் ஆர்க்கிடெக்ட். போன வாரம் அவன் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

குனிந்துதான் வாசலில் நுழைய முடிந்தது. உள்ளே கரியேறிய உத்திரங்கள் தலையை உரசின. ஈர வைக்கோல் வாடை. கூடத்தின் கோடியில், விறகு எரித்துக் குளிர்காயும் கணப்பு, ஓர் அறை அளவுக்கு. குளிருக்கு அதற்குள்ளேயே உட்கார்ந்துகொள்ள, எதிரெதிராக இரண்டு கல் இருக்கைகள்.

“நீ உள்ள உக்காரு அம்மணி. அளக்கற டேப் கார்ல இருக்குது, எடுத்துட்டு வாரேன்.” கிருபாசங்கரின் குரலில் ஒரு வாரமாக இல்லாத கனிவு.

உட்கார்ந்தாள்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

“ஏனுங்க, கதவு சாத்திக்கிச்சுங்க.”

“தெரியும் அம்மணி,” என்றான் கதவுக்கு அப்பாலிருந்து. “சத்தம் போடாத.”

கார் கிளம்பியது. அந்த ஓசை தேய்ந்த பிறகுதான், எதிர் இருக்கையில் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

அங்கே யாருமில்லை.

இருட்டு பேசியது. கிருபாசங்கரின் குரலிலேயே, அழுதபடி.

“என்னை உட்டுருங்க. எம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து உட்டுடறேன்.”

பயத்தைவிட, போன வாரம் அவன் இங்கே கொடுத்துவிட்டுப் போன அந்த வாக்குதான் அவளை உலுக்கியது. காய்ச்சலில் கிடந்தவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். அதே ஆள்.

ஓரத்து ஏணியில் பரணுக்கு ஏறினாள். இந்த மாதிரிக் கூரை வெறும் கயிற்று முடிச்சுகளில் நிற்பது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுச் சாவியால் முடிச்சுகளை அறுத்தாள். நாணலைக் கைகளால் பிய்த்து, வெளியே புரண்டு விழுந்தாள். உள்ளே அந்தக் குரல் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தது.

ரோட்டில் வந்த வேன் அவளைப் போலீஸ் ஸ்டேஷனில் சேர்த்தது. ஏட்டு திருமூர்த்தியோடு திரும்பினாள். பாதை வளைவில் கிருபாசங்கரின் கார், கதவு திறந்தபடி நின்றது. அவன் இல்லை. விடுதி வாசலில் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அவளை வெளியே நிறுத்திவிட்டுத் திருமூர்த்தி உள்ளே போனார். வந்தபோது தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

“நீங்க போட்டோல காட்டுனவருதானுங்க. கணப்புக்குள்ள உக்காந்திருக்கறாரு. உசுரு இல்லீங்க.”

அவளுக்கு அழுகை வரவில்லை.

அவர் விடுதி வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எதுத்தாப்ல இருக்கறவங்க உங்க கூடப் பொறந்தவங்களுங்களா? அச்சு அசல் உங்களாட்டமே இருக்கறாங்க. எந்திரிங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க. உங்களைத்தான் உள்ள வரச் சொல்றாங்க.”