எது குடிக்குது?

மாமா அந்தப் பழைய வேனை என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். வாங்கிய நாளிலிருந்து இதே கூத்து. ராத்திரி நிறுத்தினால் விடிவதற்குள் பேட்டரி செத்துக் கிடக்கும்.

"மாப்ளே, உன் அக்காவுக்கு நாள் நெருங்கிடுச்சு. வலி வந்தா இதுலதான் ஏத்திட்டுப் போகணும். எது குடிக்குதுன்னு பாரு."

குடிப்பது என்றுதான் எங்கள் தொழிலில் சொல்வோம். நின்ற வண்டியில் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கரண்டைக் குடிக்கும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்தேன். முள் ஏறியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். குடிப்பது எதுவோ, அதன் ஃபியூஸைப் பிடுங்கியதும் முள் விழ வேண்டும்.

எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. விழவில்லை.

ஏறியது, இறங்கியது. குழந்தை பால் குடிக்கிற மாதிரி, விட்டு விட்டு.

பழைய ஓனர் பேட்டரியிலிருந்து ஃபியூஸே இல்லாமல் ஒரு சிவப்பு வயரைப் பின்சீட்டுக்கு இழுத்திருந்தான். சீட்டைத் தூக்கினேன். ஊசிப்போன வாடை குப்பென்று அடித்தது. பஞ்சில் ஒரு குழி. கையை விட்டேன். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று, முடியும் சளியுமாக. வயரை மேலே இழுத்தேன். வயரின் நுனி எதிலும் சேரவில்லை. சப்பிச் சப்பிச் செம்பு பளபளத்தது. எச்சில் நூலாக வடிந்தது.

"எலியா?" மாமா கிசுகிசுத்தார்.

வயரில் மென்ற தடத்தில் வரிசையாக மனிதப் பல் பதிந்திருந்தது.

வயரை உருவி எறிந்தேன். முள் விழுந்தது. பக்கத்தில் டெயில் லேம்ப் வயரும் கடிபட்டிருந்தது. ஒட்டுப்போட அதன் நுனியை உரித்தேன், பல்லால். வயர் உரித்தே முன்பல் ஒன்றை இழந்தவன் நான். பட்டும் புத்தி வரவில்லை.

அந்த எச்சில் நாக்கில் பட்டது.

இனித்தது.

வாந்தி எடுத்தேன். சோப்புப் போட்டு நாக்கைத் தேய்த்தேன். சீ, நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

அதன்பின் வேன், அக்கா பிரசவத்துக்கு வந்திருந்த எங்கள் வீட்டு வாசலில் நின்றது, தினமும் ஒரே சாவியில் கிளம்பியது. அக்காவுக்கு வலி வந்த காலையில் கிளம்பவில்லை.

"சரி பண்ணிட்டேன்னு சொன்னியேடா!" மாமா வேறு வண்டி தேடி ஓடினார். நான் பின்சீட்டைத் தூக்கினேன். நான் போட்ட ஒட்டை யாரோ மென்றிருந்தார்கள். அதே மாதிரி மனிதப் பல் வரிசை.

இதில் மட்டும் நடுவில் ஒரு பல் இல்லை.

கதவைப் பிடித்து முனகிக்கொண்டிருந்த அக்கா என்னையே பார்த்தாள்.

"தம்பி... வாயத் தொடைடா. என்னத்தடா குடிச்ச?"

துடைத்தேன். புறங்கையில் பச்சையாகச் செம்புக் களிம்பு.

என் நாக்கு தானாக வெளியே வந்து அதை நக்கியது.