கதவின் வெளிப்பக்கம்

"இருபத்தேழு மணி நேரமா அந்த ரூம் கதவு திறக்கலைங்க."

ஜோதிமணி உள்ளே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஓசூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது சரசம்மாவின் விசாரணை அலுவலகம். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன சம்பளம் நிஜமா என்று கேட்டுப் போவார்கள். அங்கே உதவியாளராகச் சேர்ந்திருந்த வினோதா, இயற்பியல் பட்டதாரி, இப்படி ஒரு வழக்குக்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் வந்தவள் படிக்கட்டைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் அவளுக்கு அந்த ஆசை பாதியாகக் குறைந்தது.

ஜோதிமணிக்கு முப்பது வயது இருக்கும். நீலக் கம்பெனிச் சட்டை. அடையாள அட்டையைப் பெயர் தெரியாதபடி திருப்பிப் போட்டிருந்தாள். மேசை எதிரில் இருந்த நாற்காலியைச் சுவரோரம் இழுத்து, படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"எந்த ரூம்மா?" என்றார் சரசம்மா.

அவள் செல்போனை நீட்டினாள்.

திரையில் சிறிய அறை ஒன்று. இரும்புக் கட்டில், பிளாஸ்டிக் குடம், பலகை அடித்து மூடிய ஜன்னல், சாத்திய கதவு. மூலையில் ஒரு பெண். இருபது வயதுக்கு மேல் இருக்காது. படம் வந்த அந்தக் கணமே அவள் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள்.

வினோதா குனிந்து திரையை நெருங்கிப் பார்த்தாள்.

"எங்கம்மா நாகரசம்பட்டியில தனியா இருக்காங்க. அவங்களைப் பாக்கத்தான் கேமரா வெச்சேன். நேத்து காலையில எட்டு மணிக்குத் திறந்தா இந்த ரூம் வருது. யாரு வீடோ தெரியலை. ராத்திரியும் விட்டு விட்டுப் பாத்தேன். யாருமே வரலை. குடத்துல தண்ணியும் தீந்துபோச்சு. கவுத்துக் கவுத்துப் பாக்குறா."

"போலீஸ்ல சொன்னியா?"

"எந்த வீடுன்னு சொல்றதுங்க? எப்படியாவது நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிடுங்க. எம் பேரு மட்டும் எங்கயும் வர வேணாம்."

"அக்கா, இது எனக்குத் தெரியும்!" என்றாள் வினோதா. "இன்டர்நெட்ல ஒவ்வொரு வீட்டு லைனுக்கும் ஒரு நம்பர் இருக்கு. பழைய மாதிரி நம்பர்லாம் தீந்துபோச்சு. அதனால ஒரு வீட்டு நம்பரை எடுத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துடறாங்க. இவங்க போன்ல அம்மா வீட்டு நம்பர் இருக்கு. அந்த நம்பர் இப்ப வேற வீட்டுக்குப் போயிருக்கு. அங்கயும் இதே கேமரா, கடைக்காரர் எல்லாருக்கும் போடற அதே பாஸ்வேர்டு. அவ்ளோதான்!"

ஜோதிமணி வேகமாகத் தலையாட்டினாள். "ஆமாங்க. அப்படித்தான் இருக்கும்."

"பரவால்லியே பிஎஸ்சி," என்றார் சரசம்மா. "பெரிய திரையில போடு. நல்லாப் பாக்கலாம்."

வினோதா அலுவலகக் கணினியில் உட்கார்ந்தாள். செல்போனில் பதிந்திருந்த முகவரியில் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து எட்டுத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தாள். படம் வரவில்லை. மறுபடி அடித்தாள். அப்போதும் வரவில்லை.

"நம்ம ஆபீஸ் லைன் இன்னும் பழசு, அக்கா. இந்த நீள முகவரி புது மாதிரி. இங்கேர்ந்து எட்டாது. அவங்க போன் டேட்டால மட்டும்தான் வரும்."

"ஓ," என்றார் சரசம்மா.

செல்போனிலேயே பார்க்க வேண்டியிருந்தது. திறந்ததும் அந்தப் பெண் மீண்டும் முகத்தை மூடினாள்.

"நாம பாக்குறது அவளுக்கு எப்படித் தெரியுது?" என்று மெதுவாகக் கேட்டாள் வினோதா.

"யாராவது பாத்தா கேமராவுல நீல விளக்கு எரியும்," என்றாள் ஜோதிமணி.

அப்படியானால் அந்தப் பெண் இப்போது பயப்படுவது தன்னைப் பார்த்துத்தான். வினோதா திரையிலிருந்து முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். உதவ வந்த கண்ணும் அவளுக்கு அதே நீல விளக்குதான்.

சத்தத்தைக் கூட்டினார்கள். இயந்திரம் கல் அறுக்கும் நீண்ட கீச்சொலி. பிறகு தூரத்தில் சங்கு ஊதியது. கொஞ்ச நேரம் கழித்து 'தொம்' என்று ஒரு அதிர்வு. ஜன்னல் பலகை நடுங்கியது.

"குவாரியில வெடி வெக்கிறாங்க! பர்கூர் பக்கம்தான்கா, அங்கதான் கல் குவாரி நிறைய!"

"இருக்கலாம். பர்கூர் பக்கம் எத்தனை வீடு இருக்கு, பிஎஸ்சி?"

வினோதா மறுபடி திரையைப் பார்த்தாள்.

திரையில் அந்தப் பெண் எழுந்தாள். தடுமாறி நடந்து கதவைத் தோளால் இடித்தாள். ஒரு முறை, இன்னொரு முறை.

"அது வராது," என்று முணுமுணுத்தாள் ஜோதிமணி. "வெளியில குறுக்க இரும்புப் பட்டை கெடக்கு. தோள்தான் வீங்கும்."

கீழே தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. ஜோதிமணி துள்ளி எழுந்தாள். செல்போன் தரையில் விழுந்தது. பைக்காரர் பேக்கரியில் ஏதோ வாங்கிக்கொண்டு கிளம்பும்வரை அவள் மூச்சே விடவில்லை என்று வினோதாவுக்குத் தோன்றியது.

சரசம்மா எழுந்து போய் மாடிக் கதவைச் சாத்தினார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கி வந்து, ஜோதிமணிக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"வினோதா, அந்த நீள முகவரியை யாரு கொடுக்கறாங்க?"

"முன்பாதி நெட் கம்பெனி வீட்டுக்குக் கொடுக்கறது, அக்கா. பின்பாதி, இந்த மாதிரி கேமரால, அதைச் செய்யறப்பவே உள்ள பதிஞ்ச நம்பர்லேர்ந்து வர்றது. ஒரு கேமராவுக்கு ஒண்ணு."

"முன்பாதி வேற வீட்டுக்குப் போயிடுச்சுன்னு வெச்சுக்கோ. அந்த வீட்ல இதே கம்பெனி கேமரா இருக்கு. இந்த முகவரியைப் போட்டா அது வருமா?"

"வராதுக்கா. அதோட பின்பாதி வேற ஆச்சே. யாருமே பதில் சொல்ல மாட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் வினோதாவுக்கு உறைத்தது. அவள் கட்டிய விளக்கம் அவள் வாயாலேயே இடிந்து விழுந்திருந்தது. பழைய எண்ணுக்கு நடக்கக்கூடியது இந்த முகவரிக்கு நடக்காது.

"ஆக, இந்த போன்ல எந்த கேமரா பதிஞ்சுதோ, அதே கேமராதான் இப்பவும் காட்டுது," என்றார் சரசம்மா. "எண்ணு தவறி வேற வீட்டுக்குப் போகலை. அப்புறம், நமக்குத் தெரியறது கதவோட உள்பக்கம் மட்டும்தான். வெளியில இரும்புப் பட்டை இருக்குன்னு படத்தைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. இடிச்சா தோள் வீங்கும்னு இடிச்சவங்களுக்குத்தான் தெரியும்."

ஜோதிமணி தரையைப் பார்த்தாள்.

"யாரோ வீட்டைப் பாத்துப் பயந்தவ அந்தப் பொண்ணுக்காகப் பயப்படுவா. பைக் சத்தத்துக்குப் பயப்பட மாட்டா. நீ உக்காந்த இடமே எனக்குச் சொல்லிடுச்சும்மா. உனக்கு அந்த வீடு தெரியும். நாங்களாக் கண்டுபிடிச்ச மாதிரி ஆகணும், உன் பேரு வரக் கூடாது. அதுக்குத்தானே இங்க வந்த?"

கீழே ரொட்டி வேகும் வாசனை வந்தது.

"அந்த வீட்டு லைன் புது மாதிரிக்கு மாறினப்ப பழைய நம்பர் வேலை செய்யலைங்க," என்றாள் ஜோதிமணி. "கேமராக்காரர் வந்து நீள முகவரியைப் போட்டாரு. சரியா வருதான்னு பாக்க எம் போன்லயும் போட்டாரு. அழிக்க மறந்துட்டாரு. அதை அப்படியே வெச்சுக்கிட்டுத்தான் அங்கேர்ந்து ஓடி வந்தேன்."

"ஏன் அழிக்கலை?"

"இப்ப மத்திகிரியில ரூம் எடுத்து இருக்கேங்க. காலையில கம்பெனி பஸ் ஏற வெளிய வரணும். அதுக்கு முன்னாடி திறந்து பாப்பேன். அந்த ரூம்லதான் அந்த வீட்டுக்காரரு படுப்பாரு. அவரு அங்க இருந்தா இங்க இல்லைன்னுதானே? அதைப் பாத்தாத்தான் எனக்குக் காலு நகரும். நேத்து திறந்தா அவரு இல்லை. இவ இருந்தா. லோடு ஏத்திட்டுப் போனா வர நாலு நாள் ஆகுங்க. தண்ணி அதுவரைக்கும்…"

முடிக்கவில்லை.

வினோதா குடத்தை நினைத்தாள்.

சரசம்மா மகளிர் காவல் நிலையத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை இயக்கி, நடுவிலிருந்த ஸ்டூலில் வைத்தார். மறுமுனையில் எடுப்பதற்குள் ஜோதிமணியிடம் சொன்னார்: "பேரு வரும். வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். நீ எங்க இருக்கேன்னு அந்த ஆளு தேடலாம். அன்னிக்கு நீ தனியா இருக்க மாட்டே. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

ஜோதிமணி செல்போனைக் கையில் எடுத்து ஒரு தடவை திறந்தாள். அந்தப் பெண் முகத்தை மறைத்தாள். ஜோதிமணி உடனே படத்தை மூடினாள்.

"சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல்.

சரசம்மா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மறுமுனை கேட்டது: "விலாசம்?"

"பர்கூர், மேட்டுத் தெரு, கடைசி வீடு," என்றாள் ஜோதிமணி. "பச்சை கேட். பின்னாடி கல் பட்டறை. ரூம் மாடியில இருக்குங்க. வெளியில இரும்புப் பட்டை போட்டிருக்கும். மேல தூக்குனா வந்துடும்."

"யாரு வீடும்மா அது?"

"ஆனந்தராஜ்னு… லாரி ஓட்டறவரு."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நீங்க யாரு?"

வினோதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோதிமணி மறு கையால் சட்டையிலிருந்த அடையாள அட்டையைப் பெயர் தெரியும்படி திருப்பினாள்.

"எம் பேரு ஜோதிமணி. அவரோட பொண்டாட்டி. அவளுக்கு முன்னாடி அந்த ரூம்ல இருந்தது நான்தான்."