பனியை வடிக்கும் விளக்கு

கூம்பன்மலை ஜீப் நிலையத்தில் காலை பதினொரு மணிக்கு, மூன்றடி தள்ளி நிற்கிற ஆளின் மூக்கு தெரியவில்லை. அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையும் இல்லை. வண்டிக்குள் ஏறிக் கண்ணாடி வழியே பார்த்தால் மலை முழுக்கத் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பிறகு வெளியே எப்படி இருந்தால் என்ன?

இருதயராஜ் தன் ஜீப்பின் கூரையில் ஏறிக்கொண்டிருந்த ஆறு புதிய ஊடொளி விளக்குகளை, சீர் வந்து இறங்குவதைப் பார்க்கிற மாப்பிள்ளை போலப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்து நான்கு வயது, ஜீப் ஓட்டுநர் சங்கத்துச் செயலாளர். நிலையத்தின் இருபத்தேழு ஜீப்புகளில் முதன்முதலில் ஊடொளி பொருத்தியவன் அவன்தான். இப்போது இரண்டு விளக்கிலிருந்து ஆறுக்குத் தாவுகிறவனும் அவனே முதல். எழுபது மீட்டர் வரை தெரிந்த பாதை இனி முன்னூறு மீட்டருக்குத் தெரியும்.

மெக்கானிக் ஜமால் கூரையிலிருந்தபடியே குரல் கொடுத்தான். "அண்ணே, ஆறு லைட்டுக்கு இந்த வயரு தாங்காது. பேட்டரியில இருந்து தடி வயரா தனியா இழுத்துத் தரேன். வண்டிய விட்டுட்டு நாளைக்கு வாங்க."

"நாளைக்கா? மூணு மணிக்கு உச்சியில பார்ட்டி நிக்குதுப்பா. இப்ப லைட்ட மாட்டி விடு. வயர அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம் பாத்துக்கலாம்னு போன வண்டியெல்லாம் கயிறு கட்டித்தான்ணே திரும்பி வருது."

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாருடா."

ஜமால் வாயை மூடிக்கொண்டான். ஆனால் பம்பரில் இருந்த இரண்டு பழைய மஞ்சள் விளக்குகளைக் கழற்றும்போது மறுபடி திறந்தான். "இது கெடந்துட்டுப் போகட்டுமேண்ணே?"

"எதுக்கு? அத வச்சு நான் எதப் பாக்கப் போறேன்?"

அதுவும் உண்மைதான். ஊடொளி கண்ணுக்குத் தெரியாத ஒளி. நொடிக்கு லட்சம் தடவை அணைந்து எரியும். முன்னால் இருக்கும் வடிகண்ணாடி, அந்தத் துடிப்பு எதிலாவது பட்டுத் திரும்பினால் மட்டுமே உள்ளே விடும். மற்ற வெளிச்சம் எதுவானாலும் வாசலோடு சரி. திரும்பி வந்ததிலும் ஈரமாய், சாம்பலாய், மெதுவாய் நகர்வது எல்லாம் பனி என்று கண்ணாடி கற்றுவைத்திருந்தது. கஞ்சியை வடித்துச் சோற்றை நிறுத்துகிற மாதிரி அதை வடித்துவிட்டுப் பாறை, மரம், தடுப்புச் சுவர், எதிர் வண்டி இவற்றை மட்டும் காட்டும். ஆறு மாதம் பிழைப்பு படுத்துக் கிடந்த மலையில் இப்போது வருஷம் முழுக்கச் சவாரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பனி விடுமுறை போயிற்று. அவர்கள் மட்டும்தான் ஊடொளியைத் திட்டினார்கள்.

அவர்கள் மட்டும் என்று சொல்வதும் சரியில்லை. தேயிலை கிள்ளும் பெண்களும் திட்டினார்கள். அது யார் காதிலும் விழவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மேல்தோட்டத்துக்கு ஏறுகிற வழியில் டீக்கடைப் பக்கம் வந்த மாரித்தாய், கீழே கிடந்த மஞ்சள் விளக்குகளைப் பார்த்துவிட்டு நின்றாள். ஐம்பதைத் தாண்டியவள். தலையிலிருந்து முழங்கால் வரை சாம்பல் நிற பிளாஸ்டிக் தாள். நெஞ்சில், கயிற்றில் கோத்த ஓர் எவர்சில்வர் தட்டு.

"இத ஏன் தம்பி கழட்டிட்ட? உன் வண்டி ஒண்ணுலதான் மஞ்ச லைட்டு இருந்துச்சு. அதப் பாத்துத்தான் வண்டி வருதுன்னு ஒதுங்குவோம். கரண்டு வண்டி, சத்தமும் கெடையாது."

"நான் உங்களப் பாத்து ஓட்ட மாட்டேனாக்கா?"

"நீ பாப்ப. உன் கண்ணாடி பாக்கணுமே."

போன வருஷம் இதே சாலையில் அவளை ஒரு ஜீப் தட்டிவிட்டுப் போனது. இடது கை முறிந்து, இன்னும் முழுசாக நீளவில்லை. எந்த ஜீப் என்று கடைசிவரை தெரியவில்லை. விசாரணையில் இருபத்தேழு கண்ணாடிகளின் பதிவையும் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் சாலை காலியாக இருந்தது. ஆள் இல்லாத சாலையில் ஆளுக்கு அடிபட வாய்ப்பில்லை என்று கோப்பை மூடினார்கள். ஈரத் தாளைப் போர்த்திக்கொண்டு மெதுவாக நடக்கிறவர்களைக் கண்ணாடி பனியென்று வடித்துவிடுகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒளிரும் சட்டை கேட்டுப் பெண்கள் கொடுத்த மனு எஸ்டேட் அலுவலகத்தில் தூங்கியது. அவர்கள் காத்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் ஓட்டை போட்டு நெஞ்சில் தொங்கவிட்டார்கள். ஊடொளி பட்டதும் தட்டு கண்ணாடியில் வெள்ளையாய் வெடித்தது.

அந்த வெடிப்பு ஓட்டுநர்களின் கண்ணைக் குத்தியது. சங்கத்தின் சார்பில் ஊடொளிக் கம்பெனிக்கு மனு எழுதினார்கள்: தட்டால் வரும் கண்கூச்சத்தை நீக்கித் தரவேண்டும். இருபத்தேழு கையெழுத்து. எழுதியவன் செயலாளர் இருதயராஜ். அதை அவன் மாரித்தாயிடம் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் கிளம்பினான். ஆறு விளக்கையும் போட்டதும் அவனுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. நான்கு வளைவுக்கு மேலே உள்ள பாறையில் உட்கார்ந்திருந்த குரங்கு தெரிந்தது. அது எதையோ உரித்துத் தின்பதுகூடத் தெரிந்தது. ராஜா மாதிரி ஓட்டினான். பதினோராவது வளைவு தாண்டி, பன்னிரண்டாவதற்கு இருபதடி கீழே, டப்பென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகிய வாடை. மெயின் பியூஸ் போய்விட்டது. மோட்டார் நின்றது, பிரேக் தானாகப் பூட்டிக்கொண்டது, முன்னால் இருந்த மலை முழுக்க அழிந்து வெள்ளையாயிற்று.

இரண்டு வருஷம் கழித்து இருதயராஜ் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பனியைப் பார்த்தான். இவ்வளவு கெட்டியா இது என்று நினைத்தான்.

செலவு செய்து சூனியம் வைத்துக்கொண்டதை நொந்துகொள்ள நேரமில்லை. அந்தச் சாலையில் ஒரு வண்டிதான் போகலாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். மூன்று மணிக்குச் சங்கத்து ஓட்டுநர் பிச்சைமணி எட்டுச் சவாரியோடு உச்சியிலிருந்து இறங்குவான். வளைவு திரும்பிய பிறகுதான் இந்த ஜீப் அவன் கண்ணில் படும். களிமண் இறக்கத்தில் இருபதடிக்குள் எந்தப் பிரேக்கும் பிடிக்காது. போனில் சிக்னல் இல்லை. ஆரன் செத்துவிட்டது. எச்சரிக்கைப் பலகை கிடந்த பின்கதவு மின்பூட்டு, திறக்கவில்லை. தூறலுக்கு இருக்கையடியில் கிடந்த பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு வளைவுக்கு மேலே ஓடினான். நடுச்சாலையில் நின்று, வண்டி வந்ததும் கையை ஆட்ட வேண்டியதுதான்.

நின்ற பிறகுதான் உறைத்தது. தாள் சாம்பல் நிறம்.

உதறி எறிந்தான். சட்டை அதற்குள் நனைந்து அதே நிறத்துக்கு வந்திருந்தது. போன் டார்ச்சைப் போட்டான். பிற வெளிச்சம் எதையும் கண்ணாடி ஏற்காது என்று காலையில் டீக்கடையில் பெருமையாக விளக்கியது ஞாபகம் வந்தது. கல் உருட்டிப் போடலாமென்றால், தலையளவு கல்தான் கைக்கு வந்தது. அந்த மாதிரிக் கல்லின்மேல் ஏற்றி ஓட்டியே பேர் வாங்கியவன் பிச்சைமணி. உள்ளே எட்டுப் பேர். வெளியே, கண்ணாடியின் கணக்குப்படி, யாருமில்லை.

அப்போது மேலேயிருந்து டிங் டிங்கென்று சத்தம் கேட்டது. தட்டில் கரண்டி மோதுகிற சத்தம். பனி முற்றினால் கொழுந்தை முன்கூட்டியே எடை போட்டுப் பெண்களை அனுப்பிவிடுவார்கள். ஆறு பேர் வரிசையாக இறங்கி வந்தார்கள், முன்னால் மாரித்தாய்.

"யாரது, தம்பியா? என்ன இங்க நிக்கிற?"

மூச்சிரைக்கச் சொன்னான். அவள் முழுசாகக் கேட்கவில்லை. நீளாத கையை வளைத்து, நல்ல கையால் கூடையிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தாள். "என் மக தட்டு. காய்ச்சல்னு இன்னைக்கு வரல. கட்டிக்க. குனியாத, நெஞ்ச நிமித்தி நில்லு. தட்டு வண்டியப் பாத்து இருந்தாத்தான் அவங்களுக்குத் தெரியும். ஏ பிள்ளைகளா, ஓரமா போவாதீங்க, வரிசையா நில்லுங்க."

"நீங்க ஒதுங்கிருங்கக்கா, நான் மட்டும்…"

"ஒத்தத் தட்டுன்னா ஒடிச்சுத் திருப்பிட்டுப் போயிருவாங்க தம்பி. எங்களுக்குப் பழக்கம்."

ஏழு பேர் சாலையை அடைத்து நின்றார்கள். சக்கரம் சரளையை அரைக்கிற மெல்லிய சத்தம் நெருங்கியது. ஆரன் அடித்தது ஒரு தடவை, இரண்டு தடவை. ஒருத்தியும் நகரவில்லை. இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டான். சேறு தெறித்து முகத்தில் அடித்தது. திறந்து பார்த்தபோது பம்பர் இரண்டடியில் நின்றிருந்தது.

பிச்சைமணி இறங்கினான். கண்ணாடியை விட்டு வெளியே வந்ததும் அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கையை முன்னால் நீட்டித் துழாவினான். "யாருப்பா அங்க? வழிய மறிச்சுக்கிட்டு!"

"நான்தாண்டா, இருதயராஜ். வளைவுக்குக் கீழ என் வண்டி குறுக்க நிக்குது."

"ஐயோ, அண்ணனா!" பிச்சைமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "ஆளே தெரியலண்ணே. ஏழு தட்டுதான் அந்தரத்துல தொங்குச்சு. தேயிலைக்காரங்கதான, ஆரன் அடிச்சா ஒதுங்கிருவாங்கன்னு வந்தேன். ஒதுங்கலன்னதும் மிதிச்சேன். கண்ணு ரெண்டும் இன்னும் கூசுது." சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "நல்லவேளை, கொஞ்சம் முன்னால வந்தேன். உச்சியில சிக்னல் கெடச்சப்பச் செய்தி வந்துச்சுண்ணே. உங்க மனுவ கம்பெனி ஏத்துக்கிருச்சு. நாலு மணிக்கு நிலையத்துல இருக்கற எல்லா வண்டிக்கும் புதுப் பதிப்பு தானா ஏறிருமாம். இனிமே தட்டு தொந்தரவு இல்ல. பனியோட பனியா வடிச்சிரும்."

இருதயராஜால் மாரித்தாயின் பக்கம் திரும்ப முடியவில்லை. அவ்வளவு அருகில் நின்றும் பனியில் அவள் முகம் சரியாகத் தெரியாதது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

"உன் மனுவா தம்பி?" என்றாள் மாரித்தாய்.

"ஆமாக்கா."

அவள் திட்டவில்லை. "அப்ப நாளைக்கு நாங்க எதக் கட்டிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

பிச்சைமணியின் வண்டியை உச்சிப் பக்கம் திருப்பவும் அந்தச் சாலையில் இடமில்லை. கீழே போய்ப் புது பியூஸ் கொண்டுவந்தால்தான் இரண்டு வண்டியும் நகரும். மனுவைத் திரும்ப வாங்குவதென்றாலும் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். பெண்களுக்கும் வீடு கீழேதான்.

"மணி என்னடா?"

"மூணே கால்ண்ணே."

அஸ்தமனம் பார்க்கிற சவாரிகளை ஏற்றிக்கொண்டு நாலு மணிக்கு மேல் மற்ற இருபத்தைந்து ஜீப்புகளும் வரிசையாக மலை ஏறும். இருதயராஜ் தட்டின் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டான்.

"வேகமா நடங்கக்கா," என்றான்.

நிலையத்துக்கு ஒரு மணி நேர நடை.