தண்டவாளத்தில் திறக்கும் கதவு

ஐந்தாம் வகுப்பு வாசலில் மூன்று கயிறுகள் கட்டியிருந்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு. காலையில் உள்ளே வரும் ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய கிளிப்பை ஏதாவது ஒரு கயிற்றில் மாட்ட வேண்டும். பச்சை என்றால் நன்றாக இருக்கிறேன். மஞ்சள் என்றால் மனசு கொஞ்சம் சரியில்லை. சிவப்பு என்றால் யாரிடமாவது பேச வேண்டும்.

அந்த மாவட்டத்தின் நான்கு பள்ளிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பச்சைக் கயிறு பாரம் தாங்காமல் தொய்ந்து கிடக்கும்; சிவப்புக் கயிற்றில் ஈ கூட உட்காராது. பின்னே? சிவப்பில் மாட்டினால் வகுப்பே திரும்பிப் பார்க்குமே!

ஹேட்டியும் தினமும் பச்சையில்தான் மாட்டினாள். அவள் அம்மா நர்ஸ். பதின்மூன்று வார வேலைக்காக அரிசோனா போயிருந்தார். இன்னும் ஒன்பது வாரம் பாக்கி. அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரை ஹேட்டி தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். அதில் அம்மாவின் வாசனை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அப்பாவிடம் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். அதனால் பச்சை.

பள்ளிப் பேருந்தில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குத் துணையாக உட்கார வேண்டும். ஹேட்டிக்கு வாய்த்தவள் மேவிஸ். ஒன்றாம் வகுப்பு. முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் குறையவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேவிஸ் பேசவே இல்லை. உப்பிப்போன பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, இன்னைக்கு வாய்க்குப் பூட்டா?" என்றாள் ஹேட்டி.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

மேவிஸ் பையைத் திறந்து காட்டினாள். வேர்க்கடலை வெண்ணெய் தடவிய இரண்டு சாண்ட்விச், ஒரு ஜூஸ் டப்பா, மூன்று சாக்ஸ்.

"மூணு சாக்ஸா? உனக்கு எத்தனை காலு?"

"நாலாவது கிடைக்கல," என்றாள் மேவிஸ். "நான் எங்கப்பாகிட்ட போறேன்."

மேவிஸின் அப்பா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்தார். மேவிஸ் இங்கே அத்தை வீட்டில் இருந்தாள்.

"எப்படிப் போவ?"

"நம்ம ஊர் ரயில் அப்பா தங்கியிருக்கிற இடத்துப் பக்கமாத்தான் போகுதாம். ரயில் சத்தம் கேட்டா என்னை நினைச்சுக்குவாராம். போன்ல சொன்னாரு. அப்ப தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா அப்பா இருக்கிற இடம் வந்துடும்ல?"

"பஸ்ஸுலேர்ந்து எப்படி இறங்குவ?"

"அதான் ஆஸ்ட்பி சாரே கதவைத் திறப்பாரே!"

ஹேட்டிக்குச் சுரீரென்றது. உண்மைதான். தண்டவாளத்தைக் கடக்கும் முன் பள்ளிப் பேருந்து நின்றாக வேண்டும். ஓட்டுநர் ஆஸ்ட்பி கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அப்போது பேருந்துக்குள் யாரும் மூச்சு விடக் கூடாது. அது சட்டம்.

வெளியே முழங்கால் உயரம் பனி. அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு வீடு கிடையாது.

"மேவிஸ், அது ரொம்ப தூரம். கார்லயே ஒரு நாள் ஆகும்."

"தெரியும். அதுக்குத்தான் ரெண்டு சாண்ட்விச்."

வேறொரு நாளாக இருந்தால் ஹேட்டி சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. அவளே வீட்டில் வரைபடத்தை விரித்து, அரிசோனாவுக்கு எத்தனை விரல் தூரம் என்று அளந்து பார்த்தவள்தான். நான்கு விரல். நடந்துவிடலாம் போலத்தான் அவளுக்கும் தோன்றியது.

இன்றைக்குக் கையைப் பிடித்து வைத்துவிடலாம். நாளைக்கு? வெள்ளிக்கிழமை ஹேட்டிக்குக் கிளாரினெட் வகுப்பு, இந்தப் பேருந்திலேயே வரமாட்டாள். அப்போது? ஆனால் சத்தியம் பண்ணியாகிவிட்டதே!

பேருந்து நின்றது.

"கப்சிப்!" என்றார் ஆஸ்ட்பி. நாற்பது பிள்ளைகளும் அடங்கினார்கள். கதவு திறந்தது. குளிர் உள்ளே ஏறி வந்தது.

மேவிஸ் இருக்கையிலிருந்து நழுவினாள். ஹேட்டி அவள் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"விடு! சத்தியம் பண்ணினல்ல?" என்று கிசுகிசுத்தாள் மேவிஸ்.

"ஆஸ்ட்பி சார்! கதவை மூடுங்க!" என்று கத்தினாள் ஹேட்டி.

அந்த இடத்தில் இதுவரை ஒரு பிள்ளையும் வாய் திறந்ததில்லை. ஆஸ்ட்பி சட்டென்று கதவை மூடினார். இரு பக்கமும் பார்த்து, தண்டவாளத்தைக் கடந்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"யாரது?"

"நான்தான் சார். மேவிஸ் இறங்கப் பாத்தா. தண்டவாளம் வழியா அவங்கப்பாகிட்ட நடந்து போகணுமாம்."

"கோள்மூட்டி!" என்று மேவிஸ் அழ ஆரம்பித்தாள். பேருந்தே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அத்தனை கண்களும் அவள் ஒருத்தி மேல் இருப்பதை ஹேட்டியால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. எங்கம்மா அரிசோனாவுல இருக்காங்க. எனக்கும் நடந்தே போயிடணும் போல இருக்கு. தினமும் பச்சையில மாட்டுறேன். பொய்யி."

தண்டவாளத்துக்கு முன்னால் நிற்கும்போது இருக்குமே, அதே அமைதி.

"நானும் பொய்யாத்தான் மாட்டுறேன்," என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரையும் வம்புக்கு இழுக்கும் டேனர்! அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்ட்பி எழுந்து வந்து மேவிஸின் பக்கத்தில் குந்தினார். அவர் முழங்கால் மளுக்கென்றது. பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூணு சாக்ஸ் பத்தாது, வாண்டு," என்றார் மெதுவாக. பிறகு வயர்லெஸ்ஸை எடுத்து அலுவலகத்தோடு பேசினார். நிறுத்தத்தில் மேவிஸின் அத்தை கோட்டு கூடப் போடாமல் ஓடி வந்து நின்றார்.

மறுநாள் காலை ஹேட்டி கிளிப்பைச் சிவப்பில் மாட்டினாள். வகுப்பு திரும்பிப் பார்க்கத்தான் செய்தது. இரண்டு நிமிடத்தில் அதற்கு வேறு வேலை வந்துவிட்டது.

ஆலோசகர் கார்வர் மிஸ் நான்கு பள்ளிக்கும் ஒரே ஆள். வழக்கமாக இங்கே வருவது வியாழக்கிழமை. அன்று புதன்கிழமையே வந்துவிட்டார். ஹேட்டி ஸ்வெட்டரைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். பாதி அழுகையில் போனது.

"இதை அப்பாகிட்ட சொல்லலாமா?" என்றார் கார்வர் மிஸ்.

"பாவம் மிஸ், அவரு."

"சொல்லித்தான் பாப்போமே."

சாயங்காலம் ஹேட்டி சொன்னதை அப்பா முழுக்கக் கேட்டார். பிறகு, "என் வண்டியில உங்கம்மா ஸ்கார்ஃப் இருக்கு," என்றார். "நானும் அப்பப்ப எடுத்து மோந்து பாத்துக்கறேன்."

இருவரும் போய் வண்டியில் உட்கார்ந்தார்கள். அம்மா இல்லாத வருத்தம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஹேட்டி அதைத் தனியாகச் சுமக்கவில்லை.

வியாழக்கிழமை மேவிஸ் பேருந்தில் வந்து உட்கார்ந்தாள். ஹேட்டியிடம் பேசவில்லை.

"கப்சிப்!" என்றார் ஆஸ்ட்பி. கதவு திறந்தது. தண்டவாளம் பனிக்கு நடுவே கிழக்கே நீண்டு போனது.

மேவிஸின் சின்னக் கை ஹேட்டியின் கைக்குள் வந்தது. கதவைப் பார்த்து, "அப்பா, இன்னைக்கு நான் டைனோசர் வரைஞ்சேன்," என்று கிசுகிசுத்தாள். பிறகு ஹேட்டியின் முழங்கையை இடித்தாள். "நீயும் உங்கம்மாகிட்ட சொல்லு."

"இது அரிசோனா போகாதே."

"எல்லாத் தண்டவாளமும் எங்கயாவது போய் ஒட்டிக்கும்."

ஹேட்டி யோசித்தாள். பிறகு திறந்த கதவைப் பார்த்துக் குனிந்து, ஒன்றல்ல, மூன்று விஷயம் சொன்னாள்.

ரயில் எதுவும் வரவில்லை. ஆனாலும் அவள் சொல்லி முடிக்கும் வரை ஆஸ்ட்பி கதவை மூடவில்லை.