சக்கரக் கதவு திறக்கும்வரை

"டேய், விட்டுடாதே... நல்லா பிடிடா!"

விமானத்தின் வயிற்றுக்குள்ளிருந்து வந்த அதட்டலில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தைத்துக் கொண்டுவந்த இருக்கை உறைகளை அப்படியே போட்டுவிட்டு, இறக்கைக்கு அடியில் தொங்கிய அலுமினியக் கதவை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள்.

கீலில் போல்ட்டை முடுக்கிவிட்டு ஓர் இளைஞன் தலையை நீட்டினான். கன்னமெல்லாம் கிரீஸ். கண்கள் மட்டும்... மழையில் கழுவிவிட்டாற்போல்!

"ஐயோ... ஹெல்பர் பையன்னு நினைச்சுட்டேன். நீங்க யாரு?"

"சீட்டுக்கு உறை தைக்கிறவ. இதை ஓட்டப்போற பைலட்டோட தங்கச்சி. அந்த 'டா'வைத் திரும்ப வாங்கிக்கறீங்களா, இல்ல கதவை விட்டுடவா?"

"வாங்கிக்கிட்டேன்! கதவை மட்டும் விட்டுடாதீங்க!"

சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு, தினமும் ஏதாவதொரு உறையில் தையல் சரியில்லாமல் போனது... அவளும் வந்துகொண்டே இருந்தாள்.

பல வருடம் முடங்கிக் கிடந்து மறுபடி பறக்கப்போகும் விமானம் அது. சக்கரம் உள்ளே மடங்கியதும், அவள் தாங்கிப் பிடித்த அந்தக் கதவு மூடிக்கொள்ள வேண்டும். சோதனையன்று விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்திச் சக்கரங்களை மடக்கினார்கள். இடது கதவு டயரில் உரசியது.

"லேசாதானே உரசுது? நாளைக்குப் பறந்துடலாம்," என்றான் அண்ணன்.

"வேணாம் சார். கதவை இழுத்து மூடற கம்பியை நான்தான் நீளமா வெச்சுட்டேன். மேலே போய்ச் சிக்கிக்கிட்டா சக்கரம் இறங்காது. கழட்டி மாட்டணும்."

"தப்பும் நீங்களே பண்ணுவீங்க, பறக்கற நாளையும் நீங்களே தள்ளுவீங்களா?" அண்ணன் முகம் சிவந்தது. தங்கையிடம் திரும்பினான். "வா போகலாம். இனி இந்தப் பக்கமே வராதே."

அப்பா, அம்மா இல்லாத வீட்டில் அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை அவள். அன்று பேசிவிட்டாள்.

"அண்ணா... எனக்கிருக்கிறது நீ ஒருத்தன்தான். அவர் சொல்றதைக் கேளு."

அண்ணன் விருட்டென்று வெளியேறினான். ஆனால் பறப்பதைத் தள்ளிவைத்தான்.

கதவை மறுபடி மாட்டி, மறுபடி மடக்கிப் பார்த்து... ஒரு தூறல் காலையில் விமானம் மேலே எழும்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்க்க, கதவை மாட்டிய அந்த இளைஞன் மட்டும் கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்றான்.

"பார்க்கலையா?"

"முடியலைங்க... உள்ளே இருக்கறது உங்க அண்ணன். நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

அவளுக்கு மட்டும் உயிர் கையிலா இருந்தது?

"திரும்பி வருது... தாழ வருது... வலது கதவு திறந்துடுச்சு..."

"இடது?"

அவள் நுனிக்காலில் எம்பிப் பார்த்தாள்.

"இடது என்னாச்சுங்க?"

"இதோ... திறக்குது... திறந்துடுச்சு! ரெண்டு சக்கரமும் வந்துடுச்சு! தரையைத் தொட்டாச்சு!"

அழுதுகொண்டே சிரித்தாள். அவன் இன்னும் திரும்பவில்லை.

"அதான் இறங்கியாச்சே... இன்னும் என்ன பயம்?"

"திரும்பினா உங்களைப் பார்ப்பேன். பார்த்தா... மனசுல இருக்கறதைச் சொல்லிடுவேன். உங்க அண்ணன் சம்மதிக்க மாட்டார்."

ஓடுபாதையில் விமானம் மெல்ல அவர்களை நோக்கி உருண்டு வந்துகொண்டிருந்தது.

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள். காதுமடல்வரை சூடேறியது. "எனக்கு உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு. இப்பவாவது திரும்புங்களேன்..."

அவன் திரும்பினான்.