கெண்டைக்காலில் ஒரு பள்ளம்

நல்லகாமனின் இடது கெண்டைக்காலில் சிறிய பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. சற்று முன் சிஸ்டர் போர்வையை விலக்கிக் காட்டியபோது அந்தக் கால் வீங்கி, மழமழவென்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அன்னக்கொடி மட்டும்தான் அறையில் இருந்தாள்.

நிமோனியாக் காய்ச்சலோடு எழுமலையிலிருந்து கணவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஒரு வாரமாகிறது. மனிதர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அன்னக்கொடி தினமும் வேப்பெண்ணெய் தடவி அவர் காலை அமுக்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம். காட்டு வேலை முடித்துக் கட்டிலில் சாய்ந்தால் அவர் கால் தானாக அவள் மடிக்கு வந்துவிடும். சண்டை போட்டு முகம் பார்க்காத நாளில்கூட அமுக்கியிருக்கிறாள். சோளம் அறுக்கையில் அரிவாள் பட்டு அவளுடைய வலது கட்டைவிரலின் நுனி போய்விட்டது. அந்த மொட்டை விரல் பட்டால்தான் தூக்கம் வருகிறது என்று கேலி பேசுவார்.

இன்று மத்தியானம் சத்யப்ரியா சிஸ்டர் வந்து தடுத்துவிட்டாள். டி-டைமர் என்று ஏதோ ரத்தப் பரிசோதனையாம், அதில் அளவு எகிறியிருக்கிறதாம். படுத்தே கிடக்கிறவர்களுக்குக் காலுக்குள் ரத்தம் கட்டிப்போகுமாம். சாயங்காலம் ஸ்கேன் எடுப்பார்கள், அதற்கு முன்னால் ஓர் ஊசி.

“அம்மா, இனிமே அந்தக் கால்ல கையே வைக்காதீங்க. அமுக்குனா கட்டி பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போயிரும். அப்புறம் ஆளக் காப்பாத்துறது கஷ்டம்.”

ஊசி மருந்து வாங்க சிஸ்டர் கீழே போயிருந்தாள். இத்தனை நாள் தான் செய்ததை நினைத்துக்கொண்டே அன்னக்கொடி எழுந்தாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினாள். ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள். வெளியே மேகம் கட்டி வானம் இருட்டிக்கொண்டு வந்தது, பஸ்களின் ஹார்ன் எங்கோ தூரத்தில் கேட்டது, ஆக்ஸிஜன் குப்பியில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. பினாயில் வாடைக்கு நடுவே மெல்ல மெல்ல இன்னொரு வாடை கிளம்பியது. வேப்பெண்ணெய். பாட்டில் பைக்குள் மூடியோடு கிடந்தது.

நல்லகாமன் கண்ணைத் திறக்காமலே முனகினார்.

“ஆங்... அங்கதான். கொஞ்சம் மேல, அன்னம்.”

அவள் கைகள் மடியில் இருந்தன.

“நான் தொடலைங்க. இந்தா, இங்கன ஒக்காந்திருக்கேன்.”

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு வாரமாகச் சுருங்கிக் கிடந்த முகம் தெளிந்து, வீட்டில் தூங்கப்போகும் நேரத்து முகமாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. முதல் பள்ளத்துக்கு மேலே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தோல் உள்ளே அமுங்கியது. இன்னொரு பள்ளம். அதன் பக்கத்தில் இன்னொன்று.

எழுந்து ஓடி அழைப்பு மணியை அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை.

பள்ளங்கள் முழங்காலைத் தாண்டின. உள்ளங்கையை விரித்து மறித்துவிடலாம் என்று பாய்ந்தவள் நடுவிலேயே நின்றுவிட்டாள். மறிக்க வேண்டுமென்றால் தொட வேண்டும். தொட்டால் கட்டி கிளம்பிவிடும். குனிந்து பார்த்தாள். இடப்பக்கப் பள்ளங்கள் முழுக் கட்டைவிரல் தடமாக இருந்தன. வலப்பக்கத்தில் இருந்தவை கட்டையாக, நுனி இல்லாமல்.

தன் கையையே நம்ப முடியவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து முந்தானையால் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். இறுக்கமாக. விரல் மரத்துப்போகிற அளவுக்கு.

“இன்னும் மேல,” என்றார் நல்லகாமன்.

தொடை. இடுப்பு. அப்புறம் பள்ளம் எதுவும் விழவில்லை.

அவர் வாய் திறந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாய்ந்தது.

கதவு திறந்தது. ஊசித் தட்டோடு வந்த சத்யப்ரியா காலைப் பார்த்தாள். கெண்டைக்காலிலிருந்து இடுப்பு வரை வரிசையாகக் கிடந்த தடங்களைப் பார்த்தாள். “அம்புட்டுச் சொல்லியும் அமுக்கிட்டீங்களேம்மா” என்றவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

அன்னக்கொடி கட்டிய கைகளைக் கணவருக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். நல்லகாமன் கண் விழித்தார். அவளைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

“போதும், அன்னம்.”

அவர் நெஞ்சில் ஒரு பள்ளம் விழுந்தது. கட்டையாக.

முந்தானை முடிச்சுக்குள் அவளுடைய மொட்டைக் கட்டைவிரல் நிதானமாக அமுக்கிக்கொண்டிருந்தது.